யானைக்கு நான்கு பைட், தமிழுக்கு மூன்று

எசல பெரஹரா ஊர்வலத்தின் திகதிகள் உறுதியானதும் கண்டியில் மின்னஞ்சல்களின் பருவம் தொடங்கிவிடும். வாவிக்கரை ஹோட்டல்களும், பேராதனைப் பக்கத்து விருந்தினர் விடுதிகளும், தேயிலை விற்கும் கடைகளும் பழைய வாடிக்கையாளருக்கு எழுதுவார்கள். கைப்பேசித் திரையில் அந்த அஞ்சலுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி. சப்ஜெக்ட் என்று நாம் சொல்லும் தலைப்பு வரி அது. அதிலும் பாதி வெட்டுப்பட்டுத்தான் தெரியும். அந்தப் பாதிக்குள் கண்ணைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஒரு யானையையோ, விளக்கையோ, மேளத்தையோ இமோஜியாக வைக்கிறார்கள்.

இதனால் பயன் உண்டா என்பது வணிகர்களின் கேள்வி. அதற்கு ஆய்வுகள் சொல்லும் பதிலுக்குப் பிறகு வருகிறேன். எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் விஷயம் வேறொன்று. யானைப் படத்தைத் தயங்காமல் போடும் அதே நிறுவனங்கள், தமிழ் வாடிக்கையாளருக்கு எழுதும்போதுகூட தலைப்பு வரியை ஆங்கிலத்திலேயே வைக்கின்றன. கேட்டால், “சப்ஜெக்டில் தமிழ் போட்டால் உடைந்துவிடும்” என்கிறார்கள். இது உண்மையா என்று அறிய, அந்த வரி எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

மின்னஞ்சலின் அடிப்படை வடிவம் 1982இல் வகுக்கப்பட்டது. அந்த விதிப்படி தலைப்பு வரியில் ஆஸ்கி எனப்படும் 128 குறியீடுகளுக்கு மட்டுமே இடம். ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தக்குறிகள், சில கட்டுப்பாட்டுக் குறிகள், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரரின் பெயரிலுள்ள ஒரு மேற்குறிகூட அதில் போகாது. உலகம் முழுவதும் இருந்த அஞ்சல் வழங்கிகளை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதால் பொறியியலாளர்கள் வேறொரு வழி கண்டார்கள். வேற்றெழுத்துகளை ஆஸ்கி எழுத்துகளாகவே உருமாற்றி அனுப்புவது, பெறும் பக்கத்தில் மீட்டெடுப்பது என்பதே அந்த வழி. 1992இல் கீத் மூர் முன்வைத்த இந்த முறை திருத்தங்கள் கண்டு 1996இல் ஆர்எஃப்சி 2047 என்ற ஆவணமாக நிலைபெற்றது. இன்றும் பெரும்பாலான அஞ்சல்கள் இப்படித்தான் போகின்றன. வேற்றெழுத்துகளை உருமாற்றாமல் நேரடியாக அனுப்பும் விதி 2012இல் வந்தது. ஆனால் பாதையில் உள்ள எல்லா வழங்கிகளும் அதை ஏற்கும் என்று நம்பி அனுப்ப முடியாது.

யூனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஓர் எண் உண்டு. கென் தொம்சனும் ரொப் பைக்கும் 1992இல் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறை அந்த எண்ணைப் பைட்டுகளாக்குகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று, யானை இமோஜிக்கு நான்கு. ‘கண்டி’ என்ற சொல் கணினிக்கு க, ண, புள்ளி, ட, இகரக் கொக்கி என ஐந்து குறியீடுகள், அதாவது 15 பைட்டுகள். இவற்றை மும்மூன்றாக எடுத்து நந்நான்கு ஆஸ்கி எழுத்துகளாக மாற்றுவது பேஸ்64 என்ற கணக்கு. தமிழ்க் குறியீட்டுக்குச் சரியாக மூன்று பைட் என்பதால் ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் நான்கு எழுத்தாகிவிடும்.

உங்கள் பெட்டிக்கு வந்த ஓர் அஞ்சலின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். தமிழ்ச் சொல்லில் தொடங்கும் தலைப்பு வரி, உருமாற்றத்துக்குப் பின் ‘4கே’ என்ற இரண்டு குறிகளுடன் தொடங்கும். முதல் இடைவெளி வரும்வரை ஒவ்வொரு நான்கெழுத்துத் தொகுதியும் அதே 4கே. சிங்களத்தில் தொடங்கினால் அது ‘4எல்’. யானையோ விளக்கோ முதலில் நின்றால் ‘8ஜே’. கண்டி நகரின் அஞ்சல் போக்குவரத்தில் இந்த மூன்று அடையாளங்களும் ஒரே குழாய்க்குள், ஒரே விதிப்படி போய்க்கொண்டிருக்கின்றன. யானை பத்திரமாகப் போய்ச் சேருகிறது என்றால் தமிழும் போய்ச் சேரும். இரண்டுக்கும் வேறு வேறு பாதை கிடையாது.

அப்படியானால் தமிழ் உடைந்த அனுபவம் பொய்யா? பொய்யில்லை, காரணம்தான் வேறு. ஆர்எஃப்சி 2047இன்படி உருமாறிய ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் நீளக்கூடாது. அதில் முன்னொட்டும் பின்னொட்டும் 12 எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் 60 பேஸ்64 எழுத்துகள், அதாவது 45 பைட்டுகள் அடங்கும். தமிழில் அது 15 குறியீடுகள். வரி அதற்கு மேல் நீண்டால் அடுத்த துண்டு தொடங்க வேண்டும். எங்கே வெட்டினாலும் ஒரு குறியீட்டின் பைட்டுகளை இரண்டாகப் பிளக்கக்கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. கவனமின்றி எழுதிய மென்பொருள் இதைப் பொருட்படுத்தாமல் 45ஆவது பைட்டில் கத்தியை வைக்கும். நடுவில் ஓர் இடைவெளியோ இமோஜியோ வந்திருந்தால் அந்த 45ஆவது பைட் ஏதோ ஒரு தமிழ் எழுத்தின் வயிற்றில் விழும். அங்கேதான் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி முளைக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தப் பிழை ஒருபோதும் தெரியவராது. அதனால் பல ஆண்டுகள் திருத்தப்படாமலும் கிடந்தது.

திருத்த வைத்ததில் இமோஜிக்குப் பெரும் பங்கு உண்டு. 1999இல் ஜப்பானின் என்டிடி டொகோமோ நிறுவனத்துக்காக ஷிகெதாக்கா குரிதா 176 சிறு படங்களை வரைந்தார். 2010இல் வெளிவந்த யூனிகோட் 6.0 இமோஜிகளை நூற்றுக்கணக்கில் உள்வாங்கியது. பிறகு உலகமே அவற்றைத் தட்டச்சு செய்யத் தொடங்கியபோது பல மென்பொருள்களின் குறை வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தளங்கள் பரவலாகப் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ‘யூடிஎஃப்8’ அமைப்பு ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் வரைதான் இடம் தந்தது. தமிழ் தப்பியது. நான்கு பைட் யானை வந்த இடத்தில் வாக்கியமே அறுந்தது. நான்கு பைட்டுக்கு இடமளிக்கும் அமைப்பை 2010இலேயே சேர்த்திருந்தார்கள், பழைய அமைப்பில் நின்றவர்களை அதற்கு மாறவைத்தது இமோஜி. 2019இல் யூனிகோட் 12.0 நம் பழைய பின்னக் குறிகளுக்கும் இடம் கொடுத்தது. முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரிக்கு அன்றுதான் எண் கிடைத்தது. அந்தக் குறிகளும் நான்கு பைட்காரர்கள். சிரிக்கும் முகங்களுக்காக அகலப்படுத்திய பாதையில் முந்திரியும் காணியும் போகின்றன என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

எண்ணிக்கையில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘பேராதனை’யில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறியீடு. இலங்கைக் கொடி நமக்கு ஒரு படம். கணினிக்கு அது எல், கே என்ற இரண்டு சிறப்புக் குறியீடுகள். பல நிரல்மொழிகள் அதை நான்காக எண்ணும். ஆகவே ‘தலைப்பு மிக நீளம்’ என்று சந்தைப்படுத்தல் மென்பொருள் எச்சரித்தால் உடனே தமிழைச் சுருக்க வேண்டாம். கைப்பேசியில் எவ்வளவு தெரிகிறது என்று ஒரு பரிசோதனை அஞ்சல் அனுப்பிப் பார்ப்பதே சரியான அளவுகோல்.

பாதை பற்றியது இவ்வளவு. போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது இதைவிடச் சிக்கலானது.

யூனிகோட் அனுப்புவது எண்ணைத்தான், படத்தை அல்ல. படத்தை வரைவது பெறுபவரின் கருவி. அந்த இலங்கைக் கொடியை ஐபோன் வாளேந்திய சிங்கத்தோடு காட்டும். வின்டோஸ் கணினியில் நாட்டுக் கொடிப் படங்களே கிடையாது. எல், கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் நிற்கும். அலுவலகக் கணினியில் அஞ்சலைத் திறக்கும் பயண முகவருக்கு நீங்கள் கொடி அனுப்பினீர்கள் என்பதே தெரியாது. மேள இமோஜி குச்சிகளோடு கூடிய மேற்கத்தைய ட்ரம். பெரஹராவில் முழங்கும் ‘கெட்ட பெர’ என்ற மேளத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஆட்டோ, சேலை, அகல் விளக்கு, கோபுரம் ஆகியவை 2019இல்தான் இமோஜிப் பட்டியலுக்கு வந்தன. அதற்கு முந்திய கைப்பேசிகளில் அந்த இடத்தில் வெறும் பெட்டி தெரியும்.

தேயிலை விற்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பிடியில்லாத கிண்ணமாக வரும் தேநீர் இமோஜி ஜப்பானியரின் பச்சைத் தேநீருக்காகப் பிறந்தது. பெரும்பாலான கருவிகள் அதை இளம்பச்சைத் திரவத்தோடுதான் வரைகின்றன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் தொடங்கிய தோட்டத்திலிருந்து இன்றுவரை இந்த மலைகளின் பெயர் கறுப்புத் தேயிலையால் நிற்கிறது. ஹந்தானைத் தேயிலை நூதனசாலையின் கதையும் அதுவே. அப்படிப்பட்ட சரக்கை விற்கும் அஞ்சலின் நெற்றியில் பச்சைத் தேநீரை வைப்பது வாங்குபவருக்குத் தப்பான செய்தி. 2020இல் சேர்ந்த தேநீர்க் கேத்தல் இமோஜி பரவாயில்லை. ‘கறுப்புத் தேயிலை’ என்ற இரண்டு சொற்கள் அதைவிடத் தெளிவு.

ஒரே படத்தைப் பார்ப்பவர்களும் ஒரே பொருளைக் கொள்வதில்லை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைச் சோதித்தார்கள். ஒரே கருவியின் ஒரே வரைவைக் காட்டியபோதும், அது நல்லுணர்வா, தீயுணர்வா, நடுநிலையா என்பதில் ஏறக்குறைய நான்கில் ஒரு தடவை இருவர் கருத்து வேறுபட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் வரைவுகளிடையே முரண்பாடு இன்னும் கூடியது. கண்டியில் இதற்கு உள்ளூர்க் காரணங்களும் சேர்கின்றன. யானை பெரஹராவின் அடையாளம், ஆனால் தேர்தல் காலத்தில் அது ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம். சேவல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸைச் சொல்லும், திசைகாட்டி தேசிய மக்கள் சக்தியைச் சொல்லும். தேர்தல் நடக்கும் மாதத்தில் தலைப்பு வரியில் வந்து நிற்கும் யானையை மலையகத்து வாசகர் ஒருவர் ஊர்வலமாகவே படிப்பார் என்று உறுதி சொல்ல முடியாது.

சமயச் சின்னங்களில் பிழையின் விலை மிகப் பெரிது. 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிந்திய பதற்றமான நாட்களில், கண்டி மாவட்டத்து ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பொலிஸார் கைது செய்தார்கள். அவரது ஆடையில் அச்சாகியிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். அதைத் தர்மச்சக்கரம் என்று கருதியதே கைதுக்குக் காரணம். பிணை கிடைக்கும்வரை அவர் இரண்டு வாரத்துக்கும் மேலாக விளக்கமறியலில் இருந்தார். இமோஜிப் பட்டியலிலும் தர்மச்சக்கரம் இருக்கிறது. எட்டு ஆரங்களோடு சுக்கானைப் போலவே தோன்றும் அதைக் கணினித் துறையினர் குபர்நெட்டீஸ் என்ற மென்பொருளின் அடையாளமாகச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். படகுச் சவாரிக்கான விளம்பரத்தில் அதை யாராவது சுக்கானாக எண்ணி வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது. தலதா மாளிகை இருக்கும் நகரத்திலிருந்து எழுதும் எவரும் சமயச் சின்னங்களை விற்பனை வரியில் வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சரி, கவனத்தை ஈர்க்குமா? ஈர்க்கும், ஒரு நிபந்தனையோடு. 1933இல் ஜேர்மன் உளவியலாளர் ஹெட்விக் ஃபொன் ரெஸ்டோர்ஃப் ஒரே மாதிரியான பட்டியலுக்குள் மாறுபட்டு நிற்கும் ஒன்றே நினைவில் நன்றாகத் தங்குகிறது என்று காட்டினார். 1980இல் ஆன் ட்ரீஸ்மனும் கேரி ஜெலேடும் பார்வை பற்றிய சோதனைகளில் இன்னொன்றைக் கண்டார்கள். ஒரு நிறத்தால் மட்டும் தனித்து நிற்கும் பொருள், சுற்றிலும் எத்தனை இருந்தாலும் உடனே கண்ணில் படும். சுற்றியிருப்பவையும் அந்த நிறத்தைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றாகத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே ஒரு வண்ணப்படம் துள்ளித் தெரிவது இதனால்தான். பெரஹரா வாரத்தில் இருபது அஞ்சல்களின் தலையிலும் யானை நின்றால் யானை மறைந்து, யானையில்லாத அஞ்சலே கண்ணில் படும்.

கண்ணில் படுவதும் மனத்தில் பிடிப்பதும் ஒன்றல்ல. பயன்பாட்டு ஆய்வில் பெயர்பெற்ற நீல்சன் நோர்மன் குழுமம் 2020இல் தலைப்பு வரி இமோஜிகளை ஆராய்ந்தது. அவை அஞ்சல் மீதான எதிர்மறை எண்ணத்தைக் கூட்டின, திறக்கும் விருப்பத்தைக் கூட்டவில்லை என்பது அதன் முடிவு. அதற்கு முன் 2017இல், 29 நாடுகளைச் சேர்ந்தவர்களோடு எல்லா கிளிக்சன் என்பவரும் சக ஆய்வாளர்களும் அலுவல் மின்னஞ்சல்களில் சிரிப்பு முகங்களைச் சோதித்தார்கள். முன்பின் அறியாத ஒருவர் அனுப்பிய சிரிப்பு முகம் அவரது அன்பைக் கூட்டிக் காட்டவில்லை, திறமையைக் குறைத்தே காட்டியது. அறிமுகமானவரிடமிருந்து வந்தால் விளைவு இப்படியே இருக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

“எங்கள் கடையில் சோதித்தோம், யானை போட்டதைத்தான் கூடப் பேர் திறந்தார்கள்” என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கைப் பார்ப்போம். 400 முகவரிகள். பாதிக்கு யானையோடு, பாதிக்கு யானையின்றி. யானையில்லாத 200இல் 40 பேரும், யானையுள்ள 200இல் 48 பேரும் திறக்கிறார்கள். கேட்க இருபது வீத வளர்ச்சி. ஆனால் இரு பாதிக்கும் ஒரே தலைப்பை அனுப்பினாலும் எட்டுப் பேர் அளவு வித்தியாசம், தற்செயலாகவே, ஏறக்குறைய மூன்று தடவைக்கு ஒரு தடவை வரும். 20 வீதத்துக்கும் 24 வீதத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்க, புள்ளியியலில் வழக்கமான அளவுகோல்களின்படி, ஒவ்வொரு பக்கமும் சுமார் 1,700 முகவரிகள் தேவை. கண்டியின் சிறு கடைகளில் எத்தனை பேரிடம் அவ்வளவு பட்டியல் இருக்கும்?

திறந்தார்கள் என்ற எண்ணிக்கையே இன்று நம்பத்தக்கதல்ல. அஞ்சலுக்குள் மறைத்து வைத்த ஒரு சிறு படம் தரவிறக்கப்பட்டால் ‘திறக்கப்பட்டது’ என்று மென்பொருள் பதிவு செய்யும். 2021 செப்டெம்பரில் அப்பிள் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் திறக்காவிட்டாலும் அந்தப் படங்களை முன்கூட்டியே தரவிறக்குகிறது. ஐபோன் வைத்திருக்கும் வெளிநாட்டு விருந்தினரைக் கொண்ட பட்டியலில் இந்த எண் வீங்கித்தான் இருக்கும். வந்த பதில்களையும் பதிவான அறைகளையும் எண்ணுங்கள்.

இமோஜி போட்டாலே ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடும் என்ற பயமும் மிகையானது. வடிகட்டிகள் பெரிதும் பார்ப்பது அனுப்புநரின் அடையாளம் சரிபார்க்கப்பட்டதா, பெற்றவர்கள் முறையிடுகிறார்களா என்பதையே. ஜீமெயில் 2024 பெப்ரவரியிலிருந்து முறைப்பாட்டு வீதத்தை 0.3 வீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறது. 400 பேருக்கு எழுதுபவருக்கு இரண்டு பேர் முறையிட்டாலே அந்த எல்லை தாண்டிவிடும். எஸ்எம்எஸ்ஸில் வேறு கதை. ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து அடங்கும். அதில் ஒரே ஒரு இமோஜி சேர்ந்தால் முழுச் செய்தியும் வேறு குறியாக்கத்துக்கு மாறி 70 எழுத்தாகச் சுருங்கும், மிச்சம் இரண்டாம், மூன்றாம் செய்தியாகி கட்டணத்தைக் கூட்டும். தமிழ்ச் செய்திக்கு ஆரம்பத்திலிருந்தே 70தான்.

பார்வையற்ற வாசகர்களை இந்தப் பேச்சில் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவர்களின் திரைவாசிப்பான் இமோஜியின் பெயரை உரக்கப் படிக்கும். யூனிகோடின் சிஎல்டிஆர் தொகுப்பில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. வரியின் தொடக்கத்தில் மூன்று நெருப்பு வைத்தால் ‘நெருப்பு, நெருப்பு, நெருப்பு’ என்று கேட்ட பிறகுதான் விலைக்கழிவு பற்றிய செய்தி அவர் காதுக்கு எட்டும். ஒன்றே போதும், அதுவும் வரியின் கடைசியில்.

கடிதத்தின் தலையில் குறி வைப்பது நமக்குப் புதிதல்ல. கண்டித் தெருக்களின் பழைய தமிழ் வணிகர்கள் கணக்கேட்டிலும் கடிதத்திலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்கினார்கள். பக்கத்துக் கடை முஸ்லிம் வணிகர் 786 என்று எழுதினார். வாங்கிப் படித்தவருக்கு எழுதியவர் யார், எந்த வழக்கத்தவர் என்று அந்த ஒரு குறியே சொன்னது. எல்லோரும் எடுத்துப் போடும் நெருப்பும் பரிசுப்பெட்டியும் அப்படி எதையும் சொல்வதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே குறியை மட்டும் தன் அடையாளமாக வைத்துக்கொள்ளும் விடுதிக்கு அது காலப்போக்கில் பயன்படலாம். மற்றவர்களுக்கு இமோஜி தேவையில்லை என்பதே என் தீர்ப்பு.

தலைப்பு வரியில் உண்மையிலேயே தனித்துத் தெரிய வேண்டுமா? ஆங்கிலத்தால் நிறைந்த ஒரு பெட்டியில், தமிழ் வாசகரின் கண்ணை அவரது தாய்மொழியைப் போல வேறெதுவும் இழுக்காது. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 2010இல் ‘.இலங்கை’ என்ற இணைய முகவரியும் வந்துவிட்டது. மூன்று மொழியும் வழங்கும் கண்டியில் கடை நடத்துபவர்களே, வாடிக்கையாளரின் மொழி எது என்று ஒரு முறை கேட்டுப் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அஞ்சலின் தலைப்பை அவருக்கு அந்த மொழியில் எழுதுங்கள். முதலில் ஒரு ஐபோனுக்கும், ஒரு பழைய அன்ட்ரொய்டுக்கும், ஒரு வின்டோஸ் கணினிக்கும் அனுப்பிப் பாருங்கள். எழுத்து எங்காவது உடைந்தால் உங்கள் மென்பொருளை விற்றவரிடம் ஆர்எஃப்சி 2047ஐக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.